அஞ்சு சீட்டுலயும் நாயனம் இல்லை

கழட்டாதீங்க தம்பி, நீங்க பாட்டுக்குக் கேளுங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்த இயர்போனை நேரா போன்லயா சொருகியிருக்கீங்க? நேராத்தான்? அட கெரகமே. நல்ல இயர்போனுங்க அது, பார்த்தாலே தெரியுது. அதைப் போயி நேரா போன்ல சொருகிட்டு... சரி, கழட்டிட்டீங்க. கழட்டினதும் நல்லதுதான், பஸ்ஸு கோயமுத்தூரு போற வரைக்கும் பேசிட்டே போலாம். பெருந்துறையே இன்னும் வரல.

என்ற பேரு குழந்தைவேலுங்க. ஈரோட்டுல ஒரு மஞ்சக் குடோன்ல ஸ்டோர் கீப்பர். கோயமுத்தூர்ல மக ஊடு. என்ற சம்சாரம் வளர்மதி அங்கதான் இருக்கறா. மூணு நாள்ல வந்தர்றேன்னு போனவ, இன்னிக்கோட நாப்பத்தொரு நாளாச்சு. கூட்டியாரத்தான் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலைங்க. வரணும். ஒத்தையில சோறாக்கித் தின்னு எனக்கு நாக்கு செத்துப்போச்சு. எதுக்குக் கோவிச்சுட்டுப் போனான்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. இந்தப் பைக்குள்ள இருக்குது பாருங்க, இதுக்குத்தான்.

பாருங்க, தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. விரல் நீளம்கூட இல்ல. டாக்குன்னு சொல்லுவாங்க. போன்ல இருக்கற பாட்டு வெறும் கணக்குங்க தம்பி, ஒண்ணும் சைபரும். அதைச் சத்தமா மாத்தறது இது. மாத்தின சத்தத்தைத் தூக்கிக் குடுக்கற ஆம்ப்பும் இதுக்குள்ளயே இருக்குது. இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் இயர்போன், அவ்வளவுதான். லட்சக்கணக்குல போட்டு வாங்கறவங்க இருக்காங்க, நமக்கு அது ஆவாது. நம்மளாட்ட சம்பளக்காரன் வாங்கற வெலையில எது நல்லதுன்னு கண்டுபிடிக்கோணும். அதுக்குத்தான் அஞ்சு வாங்கினேன்.

கருப்பு இருக்குதே, இதுல தாளம் கெட்டியா விழும், ஆனா பாடறவங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாடறாப்ல இருக்கும். வெள்ளி நெம்பப் பளிச்சு, அரை மணி நேரம் கேட்டா நெத்தி வலிக்கும். சாம்பலு பாட்டு கேக்கறதுக்குள்ள அடுப்பாட்டச் சுடும். நீலம் நல்லதுதான், ஆனா பாட்டு நின்ன பொறவு உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் நிக்கும். இந்தச் செம்புக் கலரு இருக்குதுங்களே, இதான் ராஜா. மூணு மாசம் வெச்சுக் கேட்டுட்டுச் சொல்றேன். என்ற காதுங்க இது. மஞ்சள ஒடிச்சுக் காதுகிட்ட வெச்சா, டணக்குன்னு வர்ற சத்தத்துலயே காய்ஞ்சுதா இன்னும் ஈரம் இருக்குதான்னு சொல்லிருவேன். முதலாளியே என்ற காதைக் கேட்டுத்தான் சரக்கு எடுப்பாரு.

இதுக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்குதுங்க. கொங்கு ஒலி ரசிகர்கள். முன்னூத்திச் சொச்சம் பேரு. நான் செம்புதான் முதலிடம்னு அஞ்சு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். திருப்பூர்ல ஜெகதீசன்னு ஒருத்தன், பனியன் கம்பெனிக்காரன், என்ன சொன்னான் தெரியுங்களா? "அண்ணா, செம்புல சத்தம் கொஞ்சம் கூட வருது. கூடச் சத்தம் வர்றது எதுவும் நல்லாத்தான் தெரியும். சத்தத்தை ஒரே அளவுல வெச்சு, கண்ணைக் கட்டிட்டுக் கேட்டீங்களா? ரெண்டாவதா வேறொருத்தரு கேட்டு எழுதினாங்களா?" அப்படீங்கறான். அத்தனை பேரு முன்னால. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? ஆனா நாயம் நாயம்தானுங்க. அவன் சொன்னது சரிதான். சத்தம் கூட இருந்தா மனசு அந்தப் பக்கம் சாஞ்சிரும். எங்க ஆளுக எல்லாரும் அதுலதான் ஏமாறுவாங்க.

சரி, பண்ணிக் காட்டறேன் வாடான்னு சொல்லிட்டேன். ஸ்பாஞ்சுல ஓட்டை போட்டு அதுக்குள்ள இயர்போனை வெச்சு, இன்னொரு போன்ல சத்தத்தை அளந்து, அஞ்சையும் ஒரே அளவுக்குக் கொண்டாந்தேன். ரெண்டு ஞாயித்துக்கெழமை போச்சு அதுக்கே. ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது? ஊட்டுல ஒருத்தி இருக்கறாளே, அவளையே உக்கார வெச்சேன்.

அங்கதான் தம்பி தப்புப் பண்ணிட்டேன். அவளுக்கு இதுல அக்கறையே கிடையாது. எதுலயுமே கிடையாதுங்க, இந்த ஒண்ணு ஒண்ணரை வருஷமா. முன்னெல்லாம் அப்படி இல்ல. கேட்டுக்குள்ள வண்டி வந்தாலே தண்ணிச் சொம்போட வந்து நிக்கறவ. இப்ப வாசல்ல நின்னு வளரு, வளருன்னு நாலு வாட்டி கத்தோணும். கிட்டப் போயி நின்னா, "எப்ப வந்தீங்க?"ன்னு கேக்கறா. திமிரு இல்லாம என்ன? குக்கரை வெச்சுட்டு நாலு விசிலுக்கு ஏழு விசில் விட்டர்றா, சோறு களியாட்டக் குழைஞ்சு கிடக்கும். டிவியை மட்டும் தெருவுக்கே கேக்கற மாதிரி வெப்பா. நான் சாயங்காலம் வந்து சோபாவுல உக்காந்து அன்னிக்கு எந்த மெஷின்ல என்ன கேட்டேன்னு சொல்லுவனுங்க. ம், ம்னு கொட்டுவா. அப்பறம் அதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா முழிப்பா.

ஒருக்கா அவளே வந்து, "ஏனுங்க, காதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னே இருக்குதுங்க"ன்னா. எனக்கு ஒரே சந்தோசம். அட, நம்ம வளருக்குக்கூட இரைச்சல் பிடிபடுதேன்னு. "அது நீல மெஷினோட கோளாறு வளரு, உள்ளுக்குள்ள கரண்டு ஓடறது கேக்குது, செம்பைப் போட்டுப் பாரு, நின்னு போகும்"னு எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டா. மறுநாள் "நின்னுதா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க"ன்னா. செம்புல இரைச்சலா? யாருகிட்டச் சொல்றா பாருங்க. காது வேணுங்க தம்பி, எல்லாத்துக்கும் காது வேணும்.

விஜயமங்கலமா இது? சரி.

சோதனையன்னிக்கு ஜெகதீசன் வந்தான், கூட பவானியில இருந்து ஒரு வாத்தியாரும் வந்தாரு. மெஷின் எதுன்னு தெரியாம துண்டைப் போட்டு மூடி, ஜெகதீசன் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திச் சொருகறான். கேக்கறதுக்கு எங்க குரூப்லயே ஒருத்தரு கோயில் திருவிழாவுல பதிவு பண்ணின நாயனமும் தவிலும். அருமையான பதிவுங்க. நாயனம் முழுக்க இடது காதுல, தவில் முழுக்க வலது காதுல, ரெண்டும் கலக்காது. எந்த மெஷினு எதைத் தெளிவாக் குடுக்குதுன்னு பட்டுனு தெரிஞ்சுரும். முதல்ல நான் கேட்டு எழுதினேன். பொறவு வளரு. கேட்டு முடிச்சு ஒரு சீட்டுல ரெண்டு வரி எழுதி, மடிச்சு டிபன் டப்பாவுக்குள்ள போடோணும்.

எல்லாம் முடிஞ்சு டப்பாவைத் திறந்தோம். வாத்தியாரு படிக்கறாரு. முதல் சீட்டு: "தவில் நல்லாக் கேக்குது. நாயனம் கேக்கல." சரி, முதல் தடவை, பழக்கமில்லன்னு நினைச்சுட்டேன். ரெண்டாவது: "தவில் கேக்குது. நாயனம் கேக்கல." மூணாவது: அதேதான். நாலாவது, அஞ்சாவது, அஞ்சு சீட்டுலயும் நாயனம் கேக்கலயாம்! தெருமுனையில நிக்கறவனுக்குக் கேக்கற நாயனம் தம்பி! நான் அதே இயர்போன்ல கேட்டேன், ஜெகதீசன் கேட்டான், வாத்தியாரும் வாங்கிக் கேட்டுட்டாரு. கணகணன்னு இருக்குது. இவளுக்கு மட்டும் வரலயாம்.

ஜெகதீசன் சிரிச்சுட்டான். வாத்தியாரு தலையைக் குனிஞ்சுட்டாரு. எனக்கு மானமே போச்சு. "ஏன்டி, என்னைக் கேவலப்படுத்தோணும்னே எழுதினயா? வேலை சுலுவா முடியட்டும்னு ஒரே வரியை அஞ்சு தடவை எழுதிப் போட்டயா? அது காதா, கத்திரிக்காயா?"ன்னு கத்திப்போட்டேன். ஆமாங்க, கத்தினேன். வந்தவங்க இருக்கறப்ப கத்தியிருக்கக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா ஆத்திரம் வருமா வராதா?

அவ பாட்டு ஓடற போனையும் இயர்போனையும் எடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. அங்க நின்னுட்டு அதைக் காது மாத்தி மாட்டறா. இடதுக்கு உள்ளதை வலதுல, வலதுக்கு உள்ளதை இடதுல. நான் ஹால்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். மாட்டினதும் மூஞ்சி வெளுத்துப் போச்சுங்க. அங்கயே மேடையைப் பிடிச்சுட்டு நின்னுட்டா. நாயனம் கேட்டிருக்கும், அதான். பொய் எழுதி மாட்டிக்கிட்டமேன்னு தெரிஞ்சுபோச்சு. "ஏனுங்க, ஒரு நிமிசம் இங்க வாங்களேன்"னு கூப்பிட்டா. மெல்லமாக் கூப்பிட்டா. மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிடறான்னு நினைச்சேன். வந்தவங்களை உட்டுப்போட்டு நான் எதுக்குங்க போகோணும்? போகல.

மறுநாள் காலையில ஒரு பையை எடுத்துட்டு, "சுகன்யா ஊட்டுக்குப் போயிட்டு மூணு நாள்ல வந்தர்றனுங்க"ன்னுட்டுப் பஸ் ஏறிட்டா. சண்டை இல்ல, அழுகை இல்ல. ஒரு நெஞ்சழுத்தம் பாருங்க.

நான் போன் போட்டா மக சுகன்யாதான் எடுக்கறா, அம்மாகிட்டக் குடுக்க மாட்டேங்கறா. பத்து நாள் கழிச்சு அவளே கூப்பிட்டு, "அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஒருக்கா வந்துட்டுப் போங்க"ன்னா. என்ன உடம்புன்னு கேட்டனுங்க. கேக்காம இல்ல. "போன்ல வேண்டாம்ப்பா, நேர்ல வாங்க"ன்னா. இதெல்லாம் நமக்குத் தெரியாதுங்களா? மாமியார் ஊட்டுக்குப் போன மாப்பிள்ளையாட்ட நம்மளை வரவெச்சு, உக்கார வெச்சு, அம்மாவும் மகளுமாப் பாடம் எடுக்கறதுக்கு. குடோன்ல சரக்கு வந்து குவிஞ்சு கிடக்குது, வர முடியாதுன்னுட்டேன்.

ஆனா மகளுக்கு என் மேல ஒரு மரியாதை இருக்குதுங்க, அதையும் சொல்லோணும். பதினோரு நாளைக்கு முன்னால கோடு போட்ட கிராப் ஒண்ணு போன்ல அனுப்பினா. "அப்பா, இதப் பாருங்க. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல"ன்னு எழுதியிருந்தா. படிச்ச புள்ள, அப்பன் அருமை தெரியுது பாருங்க. இந்த மாதிரிக் கிராப்பை நான் தெனம் பத்துப் பார்க்கறேன். ஒவ்வொரு இயர்போனுக்கும் வரும். குறுக்கால போறது சுருதி, கீழ்ஸ்தாயியில இருந்து மேல்ஸ்தாயி வரைக்கும். நெடுக்க இருக்கறது சத்தத்தோட அளவு. சிவப்பு வலது, நீலம் இடது. ரெண்டு கோடும் ஒட்டி ஒட்டிப் போனா நல்ல சரக்கு. இதுல பார்த்தா, சிவப்பு மேலயே ஒழுங்காப் போகுது. நீலம் கிணத்துல விழுந்தாப்ல அடிக்குப் போயிக் கிடக்குது. இந்த மாதிரி மோசமான சரக்கு நான் பார்த்ததே இல்லைங்க.

ஏதோ புதுசா இயர்போன் வாங்கிட்டு எங்கிட்ட யோசனை கேக்கறான்னு, உடனே பதில் போட்டேன். ஒரு நிமிசம்கூட ஆக்கல. "இடது பக்கம் சுத்தமாச் செத்துப்போச்சு. ரிப்பேரும் ஆவாது. இதை வெச்சுட்டு என்ன பண்றது? திருப்பி அனுப்பிடு." அவ்வளவுதான். படிச்சுட்டான்னு வாட்சப்புல ரெண்டு நீல டிக்கும் விழுந்துருச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு, "அம்மாவும் படிச்சுட்டாங்க"ன்னு போட்டா. நல்லதாப் போச்சு, அவளும் நாலு விசயம் கத்துக்கட்டும்னு நினைச்சேன். அதுக்கப்பறம் பேச்சே இல்லைங்க. பதினோரு நாளா மகளும் போன் எடுக்கறதில்ல. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? கேட்டா, சொன்னேன். சுத்தமான யோசனைதானுங்களே அது?

அதான் இன்னிக்கு லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமை ஜெகதீசன் மறுபடியும் வர்றான், கடைசி வாய்ப்புன்னு குரூப்ல எழுதிட்டான். அஞ்சையும் கையோட கொண்டாந்துட்டேன். வளரு வந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒழுங்காக் கேட்டு எழுதினாப் போதும், என்ற மானம் திரும்பும். அவளும் திரும்பின மாதிரி ஆச்சு. பழசை நானும் பேசல, அவளும் பேச வேண்டாம். அவினாசி தாண்டினா சுகன்யாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கலாம்.

என்னங்க? அந்தக் கிராப்பா? பாருங்க, பாருங்க, தாராளமாப் பாருங்க. இந்தாங்க. நீங்களும் கத்துக்கலாம். நீலக் கோடு தெரியுதா, பெருக்கல் குறி போட்டுப் போட்டு வருது பாருங்க? அதான் இடது. நான் சொல்லல?

எதுக்குத் தம்பி மேல நகத்தறீங்க? கோடு கீழ இருக்குது. மேல ஒண்ணும் இல்ல, கம்பெனிப் பேரு ஏதாச்சும் இருக்கும், நான் அதையெல்லாம் பார்க்கறதில்ல.

என்ன?

குடுங்க. குடுங்க பார்க்கலாம். கண்ணாடி எங்க... இருங்க.

கு. வளர்மதி. வயசு நாப்பத்தாறு. பெண்.

வளர்மதிங்கற பேரு ஊருல எத்தனையோ பேருக்கு இருக்குதுங்களே. இல்லீங்களா? நாப்பத்தாறும் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

காதைச் சோதிக்கற கிராப்பா? மனுசன் காதையா? உங்களுக்கு நல்லாத் தெரியுமா தம்பி? உங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் குடுத்தாங்களா? கோடு கீழ போகப் போகக் கேக்கறதில்லன்னு அர்த்தமா? ஆமா. ஆமாங்க. கீழ போனாக் கேக்காது. எனக்குத் தெரியாதா அது? அதான் எனக்கு நல்லாத் தெரியுமே.

அப்ப அந்தச் சீட்டு அஞ்சும் சரிங்க. அவ ஒருத்திதான் உள்ளதை எழுதியிருக்கறா.

சமையக்கட்டுல காதை மாத்தி மாட்டிட்டு நின்னாளே, அன்னிக்குத்தான் அவளுக்கே தெரிஞ்சிருக்குது. ஐயோ. மேடையைப் பிடிச்சுட்டு நின்னாளுங்களே தம்பி. பத்தடி தூரம். வாங்கன்னு கூப்பிட்டா. நான் உக்காந்து ஜெகதீசனுக்குச் சமாதானம் சொல்லிட்டிருந்தேன்.

தம்பி, ஒரு உதவி. எனக்கு இந்தப் போன்ல அதெல்லாம் வராது. நான் போட்ட மெசேஜை இப்ப அழிக்க முடியுங்களா? பதினோரு நாளாச்சு, முடியாதா? சரி. சரி, உடுங்க. அழிச்சு மட்டும் என்ன பண்றது, அவதான் படிச்சுட்டாளே. செத்துப்போச்சு, திருப்பி அனுப்பிடுன்னு என்ற கையால எழுதினதை உக்காந்து படிச்சிருக்கறா. படிச்சுட்டு எங்க போய் உக்காந்திருப்பா? இருபத்தேழு வருசம் ஆச்சுங்க எங்களுக்குக் கலியாணம் ஆயி.

அவினாசி வந்துருச்சா? அதுக்குள்ளயா? இந்தப் பஸ்ஸுக்காரன் என்ன இப்படி ஓட்டறான்?

சோபாவுல நான் எப்பவும் பிளக்குக்குப் பக்கத்துல உக்காருவேன். போன் சார்ஜுல இருக்கும்ல, அதுக்கு. அது அவளுக்கு இடது பக்கமுங்க. தெனம் அங்க உக்காந்துதான் ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் பேசியிருக்கேன். முக்காவாசி கேட்டிருக்காது அவளுக்கு. என்ற வாய் அசையறதைப் பார்த்துட்டு, என்ற மனசு நோகக்கூடாதுன்னு ம் கொட்டியிருக்கறா. ஒண்ணரை வருசம். எனக்கெல்லாம் காதுன்னு ரெண்டு எதுக்குங்க?

இல்ல, அழுகல. காத்து அடிக்குது, அந்த ஜன்னலைச் சாத்துங்க.

சிவப்புக் கோடு மேலதான இருக்குது? நல்லாப் பாருங்க தம்பி, எனக்குக் கண்ணு மறைக்குது. அப்ப வலது காது நல்லா இருக்குது. வலது பக்கமாப் போயி உக்காந்துக்கறேன். உக்காந்து, என்னன்னு ஆரம்பிக்கறதுங்க? எனக்கு ஒண்ணும் வாயில வரமாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க தம்பி. எதுன்னாலும் சரி. சொல்லுங்க, நான் கேக்கறேன்.